அடுக்களைக்கு வந்த புதியாப்ள

அசைனாருக்கு ஐம்பத்தைந்து வயது. தலை முக்கால்வாசி நரைத்துவிட்டது, முட்டி வலிக்குத் தைலம் தேய்க்கிறார், மூத்த மகள் கல்யாணமாகிப் பேரனும் பிறந்தாயிற்று. ஆனாலும் தலச்சேரியில் பெண்டாட்டி வீட்டுக்கு அவர் இன்னமும் புதியாப்ளதான், அதாவது புது மாப்பிள்ளை. அந்த ஊர் மாப்பிள முஸ்லிம்கள் வழக்கம் அப்படி. பெண் பிறந்த வீட்டிலேயே இருப்பாள், கட்டினவன் அங்கே வந்து தங்குவான். வீடு பெண்ணுக்கு, மரியாதை ஆணுக்கு. அந்த மரியாதை கபர்க்குழி வரைக்கும் கூடவே போகும்.

அது என்ன மரியாதை என்கிறீர்களா? அவர் கூடத்துக்குள் நுழைந்தால் பேச்சு நிற்கும். பெண்கள் எழுந்து உள்ளே போவார்கள். சாப்பாட்டு மேசையில் அவருக்கு முதல் பந்தி, பொரித்த கோழியில் தொடைப் பாகம், மடித்த அரிசிப் பத்திரி, பக்கத்தில் விசிறிக்கொண்டு நிற்க ஒரு ஆள். வீட்டில் ஓடு ஒழுகுகிறதா, யாருக்குக் காய்ச்சல், எந்தக் கல்யாணத்துக்கு ஆர்டர் வந்திருக்கிறது, எதுவும் அவர் காதுக்கு வராது. விருந்தாளியிடம் யாராவது ஓட்டை ஓட்டைப் பற்றிப் பேசுவார்களா? அடுக்களைப் பக்கம் அவர் எட்டிப் பார்ப்பது என்றால், அது அந்த வீட்டுப் பெண்களை அடித்ததற்குச் சமம்.

இருபத்தாறு வருஷம் சார்ஜாவில் இருந்ததால் இது பெரிதாக உறுத்தவில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை நாற்பது நாள் லீவு. நாற்பது நாள் விருந்தாளியாக யார் வேண்டுமானாலும் இருக்கலாம். இந்தத் தடவை மனுஷன் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஒரேயடியாக வந்துவிட்டார். நான்கு மாதமாகக் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, தந்த பேப்பரையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார். சாப்பிடுவார், பள்ளிவாசலுக்குப் போவார், வருவார், மறுபடி சாப்பிடுவார். பெண்டாட்டி மறியம்பிக்குப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அவளுக்கு உட்கார்ந்து பரிதாபப்பட நேரமில்லை.

மறியம்பி அந்தத் தறவாட்டின், அதாவது குடும்ப வீட்டின், வெளி அடுக்களையில் பதினெட்டு வருஷமாகத் தொழில் நடத்துகிறாள். கல்யாண வீடுகளுக்குப் பலகாரம். உன்னக்காய், முட்டமாலை, இறைச்சிப் பத்திரி, கல்லுமக்காய் நிறைத்தது. எட்டுப் பெண்கள் வேலை செய்கிறார்கள். ஆர்டர் பிரியாணி மட்டும் அவள் கைவேலை இல்லை. ஊரில் முந்நூறு பேர் பிரியாணிக்குப் பெண்கள் அண்டா ஏற்றுவதில்லை. அதற்குக் குஞ்ஞாலி என்கிற பண்டாரியை, கல்யாணச் சமையல்காரரை, வைத்திருந்தாள். ஆர்டர் அவள் வாங்குவாள், பிரியாணியை அவர் ஆக்குவார், கூலியை வாங்கிக்கொண்டு போவார்.

இரண்டு வருஷமாகத் தொழில் இறங்குமுகம். கண்ணூரிலிருந்து புதுக் கம்பெனிகள் வந்துவிட்டன. ஒரே மாதிரிச் சட்டை, தொப்பி, வண்டி, பரிமாற ஆள், கை கழுவ வெந்நீர் முதற்கொண்டு அவர்களே. வருகிறவர்கள் எல்லாம் மறியம்பியிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான். பிரியாணிக்கு ஆள் வருவான் என்று என்ன உத்தரவாதம் இத்தா? அவளும் தலையை ஆட்டிக்கொண்டு, குஞ்ஞாலியின் மூட்டு வலி, குஞ்ஞாலியின் கோபம், குஞ்ஞாலியின் மருமகன் சண்டை எல்லாவற்றையும் சுமந்துகொண்டு காலம் தள்ளினாள். சமையல்காரனின் மனநிலையைப் பார்த்துத் தொழில் நடத்துவது போலக் கேவலம் எதுவும் கிடையாது. அதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

தர்மடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணம். முந்நூறு பேர். பெரிய இடம். இந்தச் சாப்பாடு சரியாக அமைந்தால் அந்தக் குடும்பத்தில் இன்னும் மூன்று கல்யாணம் வரிசையில் நிற்கிறது. சொதப்பினால் ஊரில் யாரும் இனி அவள் வாசலை மிதிக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் குஞ்ஞாலியின் மருமகனிடமிருந்து போன் வந்தது. மாமா பள்ளிப் படியில் வழுக்கி விழுந்தார், வலது கை முறிந்தது, கட்டுப் போட்டிருக்கிறார்கள். மறியம்பி தெரிந்த பண்டாரிகள் ஏழு பேருக்குப் போன் அடித்தாள். சீசன். ஏழு பேருக்கும் ஏழு கல்யாணம்.

வெளி அடுக்களையில் அம்மிக்குப் பக்கத்தில் அவள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். வேலைக்காரப் பெண்கள் சுற்றி நின்றார்கள். அப்போதுதான் வாசல்படிக்கு அந்தப் பக்கம் வெள்ளை வேட்டி தெரிந்தது. பெண்கள் அலறிப் புடைத்து முக்காட்டை இழுத்தார்கள். அசைனார் படிக்கு வெளியேதான் நின்றார். உள்ளே கால் வைக்கவில்லை.

"அரிசி கைமாதானே? எவ்வளவு எடுத்து வெச்சிருக்க?" என்றார்.

மறியம்பி எரிச்சலோடு நாற்பது கிலோ என்றாள்.

"கைமாக்கு நாற்பது போதும். நெய் எட்டு கிலோ எடு. வெங்காயம் முப்பது, அதுல எட்டைத் தனியாப் பொரிச்சு வெச்சிடணும். கோழியப் பொரிக்காதே, மசாலாவுலயே வேகட்டும். தண்ணி, படிக்கு ஒன்றரைப் படி, அதுக்கு மேல ஒரு கரண்டி கூடாது. இருபது இருபதா ரெண்டு அண்டாவா ஏத்தினா தம் ஒரே சீரா நிக்கும்."

பெண்களில் பாத்து என்கிறவள் வாயைப் பொத்திக்கொண்டாள். மறியம்பி மெதுவாக எழுந்தாள். இந்தக் கணக்கெல்லாம் சார்ஜா சூப்பர்வைசருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது.

சார்ஜாவில் நம்ம ஊர்க்காரர்கள் எல்லாருமே மேனேஜர் அல்லது சூப்பர்வைசர். அங்கே கல் சுமக்கிறவன், கார் கழுவுகிறவன், மாவு பிசைகிறவன் ஒருத்தன்கூட இல்லை. அப்படித்தான் ஊரில் இருக்கிறவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஒருத்தனை ஒருத்தன் காட்டிக் கொடுப்பதும் இல்லை. அசைனாரின் உம்மா பெண் கேட்டு வந்தபோது மகன் சூப்பர்வைசர் என்று சொல்லிவிட்டாள். உண்மையில் அவர் ஒரு தொழிலாளர் முகாம் மெஸ்ஸில் எட்டு வருஷம், பிறகு ஒரு பெரிய ஓட்டலின் பின்கட்டில் பதினெட்டு வருஷம் சமைத்தவர். கடைசிப் பத்து வருஷம் பிரியாணி அண்டா முழுக்க அவர் பொறுப்பு.

இதை எல்லாம் அவர் படிக்கு வெளியே நின்றுகொண்டு, தரையைப் பார்த்துச் சொன்னார். மறியம்பிக்கு முதலில் வந்தது கோபம். இருபத்தாறு வருஷம். ஒவ்வொரு லீவுக்கும் அவள் வேர்த்து விறுவிறுத்து ஆக்கி மேசையில் வைத்த பிரியாணியை இந்த மனுஷன் சாப்பிட்டு "நல்லாருக்கு" என்று ஒரே வார்த்தை சொல்லிக் கை கழுவியிருக்கிறார். ஒரு தடவையாவது அடுக்களைக்குள் விட்டிருந்தால் வெங்காயம் அரிகிற வேகத்திலேயே குட்டு வெளிப்பட்டிருக்கும். அவளும் விடவில்லை, அவரும் கேட்கவில்லை.

"நெஜத்தச் சொல்லுங்க. என் பிரியாணி நல்லாவா இருந்துச்சு?"

அசைனார் யோசித்தார். "உப்பு எப்பவும் ஒரு பிடி தூக்கல்தான்."

பாத்துவுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. மறியம்பிக்கும் வந்தது. கோபம் போகவில்லை, அதுவும் இருந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். வெட்கமாகவும் இருந்தது. ஊருக்குத் தெரிந்தால் என்ன சொல்வார்கள் என்று மனசு ஒரு பக்கம் அடித்துக்கொண்டது. இன்னொரு பக்கம், ஊரெல்லாம் தேடுகிற பண்டாரியை நாலு மாதமாகக் கூடத்தில் உட்கார வைத்துக் கோழித் தொடை போட்டுக்கொண்டிருந்திருக்கிறோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் வழிவிட்டு நின்றாள். அவர் படியைத் தாண்டி உள்ளே வந்தார்.

சாயங்காலம் மூன்று கிலோ அரிசியில் ஒத்திகை பார்த்தார்கள். முதல் வாயிலேயே மறியம்பிக்குப் புரிந்தது, இது குஞ்ஞாலிக்கு மூன்று படி மேல். புரிந்ததில் கொஞ்சம் பொறாமையும் பட்டாள். அவளுடைய அடுக்களையில் இத்தனை வருஷம் அவள் நாக்குதான் கடைசித் தீர்ப்பு. இனி அதைப் பங்கு போட வேண்டியிருக்கும். பங்கு போட்டுத்தான் ஆகவேண்டும், வேறு வழியும் இல்லை, வேறு வழி அவளுக்கு வேண்டவும் இல்லை என்று அன்று முடிவு செய்தாள்.

ஆனால் எட்டுப் பெண்கள் பார்த்த விஷயம் எட்டு வீட்டுக்குப் போகாமல் இருக்குமா? சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மாயின் வந்துவிட்டார்.

மாயின் மறியம்பியின் மூத்த ஆங்ஙள, அதாவது அண்ணன். தறவாட்டுக் காரணவர், குடும்பத் தலைவர். அவரும் இன்னொரு வீட்டில் புதியாப்ளதான், முப்பத்தோரு வருஷமாகப் பெண்டாட்டி வீட்டில் முதல் பந்தியில் சாப்பிடுகிறவர். அந்த வீட்டில் ஒரு பல்பு மாற்றச் சொல்லக்கூட அவர் பேச்சு செல்லாது. அதனால் செல்லுகிற இடத்தில், தங்கை வீட்டில், இரண்டு மடங்காகப் பேசுவார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். உப்பா மௌத்தாகிப் போன பிறகு தங்கையைப் படிக்க வைத்தவர். அந்தக் கடனைத் தங்கையின் ஒவ்வொரு தும்மலுக்கும் அனுமதி கேட்க வைத்து வசூல் செய்துகொண்டிருந்தார், அவ்வளவுதான்.

வெளி அடுக்களையில் அசைனார் லுங்கியை மடித்துக் கட்டி, வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். மாயின் அதைப் பார்த்தார். புதியாப்ளயிடம் காரணவர் குரலை உயர்த்த முடியாது, அதுவும் வழக்கம். தங்கையைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வீட்டுக்கு வந்த புதியாப்ளய அடுப்பூத விட்டுருக்க. ஊர்ல நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டு நடப்பேன்? உன் சின்ன மக ரம்ஸீனாவுக்கு மாஹியில இருந்து ஆள் வந்து பாத்துட்டுப் போயிருக்காங்க. உப்பா பண்டாரின்னு தெரிஞ்சா நாளைக்கே வேணாம்னுடுவாங்க."

மறியம்பி தர்மடம் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னாள். தான் பேசிக்கொள்வதாகவும், கண்ணூர்க் கம்பெனிக்குக் கை மாற்றிவிடலாம் என்றும் மாயின் சொன்னார். இந்த ஒரு ஆர்டர் போனால் தொழிலே போய்விடும் என்றாள் அவள். போனால் போகட்டும், இதைத் தொழில் என்று யார் சொன்னது, பொம்பளைகள் பொழுதுபோக்கு என்றார் அவர். பதினெட்டு வருஷம். அந்தப் பொழுதுபோக்கில்தான் மேற்கூரை மாற்றியது, மூத்தவளைக் கட்டிக் கொடுத்தது, மாயினுக்கு நெஞ்சு வலி வந்தபோது கோழிக்கோட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தது. மறியம்பி அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்பது என் கட்சி.

மாயின் பெண்களை வெளியே அனுப்பினார். அசைனார் கத்தியைக் கழுவி வைத்துவிட்டு, தலை குனிந்து கூடத்துக்குப் போனார். காரணவர் வெளி அடுக்களைக் கதவைச் சாத்தி, பெரிய பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இது தறவாட்டு அடுக்களை, புதியாப்ள இதற்குள் கால் வைக்கக் கூடாது என்றார். வைக்க மாட்டார் இக்கா, என் வாக்கு என்றாள் மறியம்பி. தங்கை இவ்வளவு சீக்கிரம் அடங்கியதில் மாயினுக்கே கொஞ்சம் ஆச்சரியம். நிம்மதியாகப் புறப்பட்டுப் போனார்.

சாயங்காலம் வாடகைக் கடை வண்டி வந்தது. இரண்டு பெரிய அண்டா, மூடிகள், கரண்டிகள். அரிசி, நெய், மசாலா எல்லாம் வீட்டுக்குள் சாமான் அறையில் இருந்தன, பூட்டுக்குள் மாட்டியது அரிந்த வெங்காயம் மட்டும்தான். எப்போதும் போலப் பின்பக்கம் இறக்கப் போனவர்களை மறியம்பி தடுத்தாள். முற்றத்தில் இறக்கச் சொன்னாள். முற்றம் என்றால் வீட்டு முகப்பு. இரும்புக் கேட்டுக்கு அப்புறம் ரோடு, ரோட்டுக்கு அப்புறம் பள்ளி. ஊரில் பாதிப் பேர் கடலுக்கும் மார்க்கெட்டுக்கும் போகிற வழி.

அசைனார் வராந்தாவுக்கு வந்து அண்டாக்களைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார். ஒரு நாள் சமாளித்தால் போதும், பின்னால் தோட்டத்தில் ஓலைத் தட்டி கட்டி மறைத்துக்கொண்டு ஆக்கித் தருகிறேன் என்றார். மறியம்பிக்கு அப்போது வந்த கோபம் அண்ணன்மேல் வந்ததைவிடப் பெரிது.

"மறைச்சு மறைச்சுத்தான் இருபத்தாறு வருஷம் போச்சு. நாலு பேருக்குச் சோறு போட்ட வேலை, அதுல என்ன கேவலம் கண்டீங்க? நீங்க ஒளிஞ்சு நின்னு ஆக்கறதா இருந்தா எனக்கு அந்தப் பிரியாணியே வேண்டாம். நாளைக்கு இங்கதான் அடுப்பு."

அசைனார் செங்கல் எங்கே இருக்கிறது என்று கேட்டார். கிணற்றடியில் இருந்து அவரே சுமந்து வந்து இரண்டு அடுப்புக் கட்டினார். காற்று கடலிலிருந்து வருகிறது என்று பார்த்து அடுப்பு வாயைக் கிழக்கே திருப்பி வைத்தார். ரம்ஸீனா விறகை அடுக்கிக் கொடுத்தாள். மாஹிக்காரர்கள் என்ன நினைப்பார்களோ என்று உம்மா கேட்டதற்கு, இப்போதே தெரிந்துகொண்டு விலகிப் போனால் புதியாப்ளக்கு வைக்கிற நாற்பது நாள் விருந்துச் செலவு மிச்சம் என்று சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டுப் பள்ளியிலிருந்து வந்தவர்கள் முதலில் பார்த்தார்கள். லுங்கி, பனியன், தலையில் துண்டு. ஓர் ஆள் உயரக் கரண்டியோடு தறவாட்டுப் புதியாப்ள முற்றத்தில் நிற்கிறார். நடந்தவர்கள் நடை மெதுவானது. மீன் கூடை சைக்கிள் ஒன்று நின்றது. ஏழு மணிக்குள் கேட்டில் பத்துப் பேர். வெங்காயம் நெய்யில் சிவக்கிற வாசனை ரோட்டைத் தாண்டிப் போனது. அசைனார் முதலில் ரோட்டுக்கு முதுகைக் காட்டித்தான் நின்றார். மசாலா கொதிக்கத் தொடங்கியதும் மனுஷனுக்கு ரோடே மறந்துவிட்டது. விறகைக் குறை, மல்லி எங்கே, அந்த மூடியைக் கொண்டு வா என்று அதட்டத் தொடங்கினார். அந்த வீட்டில் அவர் குரல் அந்த அளவுக்கு எழுந்து யாரும் கேட்டதில்லை. பாத்து பயந்து ஓடி ஓடிக் கொடுத்தாள். மறியம்பியும்தான் ஓடினாள். ரம்ஸீனா படம் எடுத்து, "பிரியாணி: அசைனார், பலகாரம்: மறியம்பி" என்று எழுதித் தொழில் நம்பரில் ஸ்டேட்டஸ் போட்டாள்.

ஒன்பது மணிக்கு மாயின் வந்தார். அவருக்கும் அந்தக் கல்யாணத்துக்கு அழைப்பு உண்டு. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, அத்தர். கேட்டில் நின்ற கூட்டம் வழிவிட்டது. ஒரு அண்டாவுக்கு மைதா மாவு ஒட்டி மூடி போட்டாகிவிட்டது. இன்னொன்றுக்கு அசைனார் மூடிமேல் சிரட்டைக் கனலை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தார்.

மாயின் முகம் சிவந்துவிட்டது. சுற்றிலும் ஆட்கள் இருப்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகப் பேசினார். எல்லாத்தையும் உள்ளே கொண்டு போ என்றார்.

"எப்படிப் போறது? சாவி உங்க பையில இல்ல இருக்கு" என்றாள் மறியம்பி.

கேட்டில் யாரோ சிரித்தார்கள். மாயின் பையில் கையை விட்டுச் சாவியை எடுத்து நீட்டினார். பூட்டைத் திறந்துகொள், பின்பக்கம் வைத்து என்ன வேண்டுமானாலும் செய்துகொள், ஆனால் இந்த ஆளை ஊர் பார்க்க நிறுத்தாதே என்று கிட்டத்தட்டக் கெஞ்சினார். மறியம்பி சாவியைப் பார்த்தாள். நேற்று வரைக்கும் அந்தச் சாவி அவளுடைய பதினெட்டு வருஷம். இப்போது கையை நீட்டினால் அடுக்களையும் திரும்பக் கிடைக்கும், அண்ணனும் கிடைப்பார். புருஷன் மறுபடி ஒளிய வேண்டியிருக்கும், அது ஒன்றுதான். அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள், நீட்டவில்லை.

"நீங்களே வெச்சுக்கோங்க இக்கா. இனி எங்க கடை இங்கதான். ஊர் பார்த்தா பார்க்கட்டும், பார்த்தாத்தான் ஆர்டர் வரும்."

மாயினுக்கு இனி ஒரே ஆயுதம்தான் மிச்சம் இருந்தது. அதை அவர் எல்லாருக்கும் கேட்கும்படி எடுத்தார். "அப்படின்னா எல்லாரும் கேட்டுக்கோங்க. இன்னையிலேர்ந்து இந்தத் தறவாட்டுல இவனுக்குப் புதியாப்ள மரியாதை கெடையாது. விருந்து கெடையாது. இவன் இங்க விருந்தாளியே இல்ல."

அசைனார் கனல் வாரிய தட்டைக் கீழே வைத்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மச்சினனிடம் இருபத்தாறு வருஷமாக "ஆமாம் அளியா", "சரி அளியா" தவிர வேறு எதுவும் பேசியிராத மனுஷன் நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது. புகையால் இல்லை.

"ரொம்ப உபகாரம் அளியா," என்றார். "அப்ப இனிமே இது என் வீடுன்னு நான் சொல்லிக்கலாம்தானே?"

முப்பத்தோரு வருஷம் இன்னொரு வீட்டின் முதல் பந்தியில் உட்கார்ந்த மாயின், அந்த வீட்டை ஒரு நாளும் என் வீடு என்று சொன்னதில்லை. நீட்டிய கையில் சாவி அப்படியே இருந்தது. மறியம்பிக்கு அண்ணன்மேல் அந்த நிமிஷம் கோபமே வரவில்லை. ஆனால் மணி ஒன்பதே கால் ஆகிவிட்டது, வண்டி பத்தரைக்கு வரும்.

"நீங்க கல்யாணத்துக்கு நடங்க இக்கா," என்றாள். "சாப்பாடு பின்னாலயே வருது."